கடலுக்கு அந்தப் பக்கத்துச் சம்பந்தி

தேவராஜா என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவனுடைய முதுகுதான். வருடக்கணக்காக என் குசினியில் அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் அவன் முதுகைப் பார்த்துக் கத்திக்கொண்டு நிற்கிறேன். கூப்பிட்டால் திரும்பமாட்டான். "ஓம் அக்கா" என்று முதுகே பதில் சொல்லும். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனால் அவனைப்போல வேலை செய்கிற ஒருவனை சிட்னி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று தெரிந்தபடியால் வாயை மூடிக்கொள்வேன். மூடிக்கொள்வேன் என்றால், கொஞ்ச நேரத்துக்கு.

நான் சிவகௌரி. வென்ட்வொர்த்வில்லில் ஒரு வாடகைக் குசினி வைத்து, சாமத்தியவீடு, பிறந்தநாள், அந்தியேட்டி என்று எல்லாவற்றுக்கும் சமைத்துக் கொடுக்கிறவள். அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. தேவராஜா பக்கத்து வெஸ்ட்மீட்டில் இன்னும் சில பெடியன்களோடு ஒரு ஃபிளாட்டில் இருக்கிறான். படகில் வந்தவன், இன்றைக்கும் தற்காலிக விசாவில் இருக்கிறவன். அவனுடைய மகளின் கலியாணத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெற்றது ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையின் கையைத் தானே பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டும், அந்த ஒரு ஆசைதான் அவனிடம் மிஞ்சிக் கிடந்தது. கலியாணம் பினாங்கில். அவன் இங்கே.

இலங்கையில் போர் முடிந்து முகாமிலிருந்து வெளியே விட்ட கையோடு, மனைவி குணவதியையும் சின்னப்பிள்ளையாக இருந்த மகள் வர்ஷாவையும் கூட்டிக்கொண்டு மலேசியாவுக்குப் போனவன் அவன். பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான், பிறகு வெங்காயம் உரித்தான், பிறகு அடுப்படிக்கு ஏறினான். கையில் இருந்தது அகதி அட்டை மட்டும். அதை வைத்துக்கொண்டு முறையாக வேலை செய்ய ஏலாது, பிள்ளையை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஏலாது. வழியில் மறிக்கிற பொலிஸ்காரன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து ஒரு ஏஜன்ட் வந்து அவுஸ்திரேலியா என்று ஆசை காட்டினான். முதலில் ஒருவர் போவது, பிறகு மற்றவர்களைக் கூப்பிடுவது என்று வீட்டில் முடிவானது.

மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நடுவில் கிடக்கிற கடலை ஒரு மீன்பிடிப் படகில் கடக்கப் பார்த்தார்கள். கடக்கவில்லை.

"இரண்டு நாடும் நல்ல சிநேகிதம் அக்கா," என்று ஒருநாள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே சொன்னான். "இந்தப் பக்கத்துக் கப்பல் எங்களைக் கண்டிட்டு அந்தப் பக்கத்துக் கப்பலுக்குச் சொல்லிப்போட்டுது. இரண்டு நாடும் சேர்ந்துதான் என்னைப் பிடிச்சவை."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படியான கதைகளை அவன் சமையல் குறிப்புச் சொல்கிற மாதிரித்தான் சொல்லுவான்.

பிடிபட்டவர்களைச் சுமாத்திராவில் மெடான் என்ற பட்டினத்துக்குப் பக்கத்தில் அடைத்து வைத்தார்கள். அந்த ஊரிலும் தமிழர் இருக்கிறார்கள் என்று எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். புகையிலைத் தோட்டத்துக்குப் போன பழைய சனம், தமிழ் பாதி, அந்த ஊர்ப் பாஷை பாதி. வெள்ளிக்கிழமைகளில் கோவில் சோறு கட்டிக்கொண்டு வந்து முகாமில் கொடுத்துவிட்டுப் போவார்களாம். பிறகு எப்படியோ வெளியே வந்து, ஜாவாவுக்குப் போய், இன்னொரு படகேறி இங்கே வந்து விழுந்தான். "ஒரு வருசத்துக்குள்ள கூப்பிடுறன்" என்று குணவதிக்குச் சொல்லிவிட்டு வந்தவன். சட்டம் மாறியது, மந்திரிமார் மாறினார்கள், லோயர்மார் மாறினார்கள், அவனுடைய விசா மாறவில்லை. அவன் வெளியே போனால் திரும்பி வர ஏலாது. அவர்கள் இங்கே வர ஏலாது. முன்பல் விழுந்த வாயோடு கையசைத்து அனுப்பிய பிள்ளைக்குக் கலியாண வயது வந்துவிட்டது. அவ்வளவு காலமும் ஃபோன்தான்.

மாப்பிள்ளை மெடான்காரன் என்று கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அது நடந்தது இப்படி. மெடான் சனத்துக்கு நோய் வருத்தம் என்றால் அவர்கள் தங்கள் ஊரில் கிடந்து யோசிக்கமாட்டார்கள். கடலைக் கடந்து பினாங்குக்கு வந்துவிடுவார்கள். பினாங்கு ஆஸ்பத்திரிகளைச் சுற்றி அவர்களுக்கென்றே தங்குமடங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில்தான் வர்ஷா அறை துடைத்து, கஞ்சி காய்ச்சி, டொக்டர் சொல்வதை நோயாளிக்கு விளங்கப்படுத்தி வேலை செய்தாள். நாகலட்சுமி என்று ஒரு அம்மா இருதயச் சத்திரசிகிச்சைக்கு வந்தா. துணைக்கு மகன் ஸ்ரீகாந்த். அம்மாவுக்கு வர்ஷாவின் கஞ்சி பிடித்தது. மகனுக்கு வர்ஷாவையே பிடித்தது. சுகமாகி ஊருக்குப் போன பிறகும் "செக்கப்", "செக்கப்" என்று அந்தத் தாயும் மகனும் வந்துகொண்டே இருந்தார்களாம். இருதயம் ஒன்றுக்கு இவ்வளவு செக்கப்பா என்று குணவதிதான் முதலில் சந்தேகப்பட்டது.

"மெடான்காரர் நல்ல சனம் அக்கா," என்றான் தேவராஜா. "அண்டைக்கு முகாமுக்குச் சோறு கொண்டு வந்ததுகள்."

"உன்ர சம்பந்தி வீட்டாரும் அதுக்குள்ள இருந்தவையோ?"

"ஆர் கண்டது? பசிக்குள்ள முகம் பார்க்கேலுமே? சோத்தைத்தான் பார்த்தனான்."

மாப்பிள்ளையால் வர்ஷாவை மெடானுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அகதி அட்டையோடு எந்த எல்லையையும் தாண்ட முடியாது. ஆனால் அவன் வரலாம். பக்கத்து நாட்டுக்காரன் என்றபடியால் அவனுக்கு மலேசியாவில் விசா கேட்கமாட்டார்கள். ஒரு தடவை வந்தால் முப்பது நாள் நிற்கலாம். பிறகு ஊருக்குப் போய்த் தொழிலைப் பார்த்துவிட்டு மறுபடி வரலாம். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு மரக்கடை இருக்கிறது. இப்படி வந்து போய்க் குடும்பம் நடத்துவதாகத்தான் பேசி முடித்தார்கள். "இதென்ன கலியாணமோ, கப்பல் கொம்பனியோ?" என்று நான் கேட்டுவிட்டேன். முதுகு வெங்காயம் உரிக்கத் தொடங்கியது.

இதற்கிடையில் எனக்கு ஒரு ஓர்டர் வந்திருந்தது. மலேசியருக்கும் இந்தோனேசியருக்கும் ஓகஸ்ட் மாதத்தில்தான் சுதந்திர தினம் வருகிறது. அதனால் இங்கே இருக்கிற இரண்டு சங்கங்களும் சேர்ந்து ஓபர்னில் ஒரு மண்டபம் எடுத்து "நட்பு விருந்து" வைப்பதாக முடிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மலேசியப் பக்கம் பொறுப்பு ரோஹானி, இந்தோனேசியப் பக்கம் சுலாஸ்திரி. இரண்டு பேரும் எங்கள் தேவராஜாவின் கைச்சமையலைத் தெரிந்துதான் என்னிடம் வந்தார்கள். அவனோடு அவர்கள் தங்கள் பாஷையில்தான் கதைப்பார்கள். அவன் ஒருத்தியைக் "கக்" என்றும் மற்றவளை "இபு" என்றும், அக்கா, அம்மா என்கிற மாதிரி, மரியாதையாகக் கூப்பிடுவான். நான் சும்மா மரம் மாதிரி நிற்பேன்.

நட்பு விருந்து என்று பெயர்தானே தவிர, இரண்டு பெண்களும் ரெண்டாங் கறியில் பிடித்த சண்டையை நான் என் சீவியத்தில் கண்டதில்லை. இறைச்சியைத் தேங்காய்ப்பாலில் போட்டு மணித்தியாலக் கணக்காகக் கிண்டி வற்றவைக்கிற கறி அது. ரோஹானிக்குக் கொஞ்சம் குழம்பு நிற்க வேண்டும். சுலாஸ்திரிக்குக் கறுத்து, வறண்டு, எண்ணெய் பிரிந்து வர வேண்டும். அது எங்கள் நாட்டுக் கறி என்று இவள், இல்லை எங்கள் நாட்டுக் கறி என்று அவள். அதற்கு மேல் மாட்டிறைச்சி வேண்டுமாம். என் சட்டிக்குள் மாட்டிறைச்சி ஏறாது, ஆடு என்றால் ஆடு, இல்லையென்றால் ஆளை விடுங்கோ என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் அந்த இரண்டு பெண்களும் முதல்முதலாக ஒத்துப் போனார்கள், என்னைத் திட்டுவதில். பிறகு ஹலால் கடை ஆட்டுக்குச் சம்மதித்தார்கள்.

விருந்து நாள் முடிவாகி, முன்பணமும் வாங்கிய பிறகுதான் மெடானிலிருந்து முகூர்த்தம் வந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்குக் காலை, எங்களுக்கு மத்தியானம். தேவராஜா எனக்குச் சொல்லவே இல்லை! ரோஹானி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் குதித்தேன்.

"உனக்கென்ன விசரே? அண்டைக்கு வீட்டில இரு. ஃபோனை நெடுக வச்சுப் பார். நான் வேற ஆரையும் பிடிக்கிறன்."

முதன்முறையாகத் திரும்பினான். "வீட்டில மற்றவங்கள் எல்லாரும் ஷிஃப்டுக்குப் போயிடுவாங்கள் அக்கா. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு தனிய இருந்து பிள்ளையின்ர கலியாணம் பார்க்க எனக்கு ஏலாது. கையில வேலை இருந்தால் நல்லது."

கலியாணத்தில் தாரை வார்ப்பது எங்கள் வழக்கத்தில் பெரிய காரியம். தகப்பன் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைப்பான், தாய் பக்கத்தில் நின்று செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பா. இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும். ஃபோனில் கொடுக்கலாமா என்று தேவராஜா பினாங்கு ஐயரைக் கேட்டுப் பார்த்தான். ஃபோனுக்குக் கை இல்லை என்று ஐயர் சொல்லிவிட்டார். தகப்பன் இல்லையென்றால் ஒரு தம்பதி அந்த இடத்தில் இருக்க வேண்டும். ஆகவே பினாங்குக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கிற ஒரு அகதிக் குடும்பத்தைப் புருஷனும் பெண்சாதியுமாக வரச்சொல்லி ஏற்பாடு. அப்படியென்றால் குணவதியும் தள்ளித்தான் நிற்க வேண்டும். அதுதான் அவனை மிகவும் தின்றது.

"நான் இல்லாதது பறவாயில்லை," என்றான். "என்னாலை அவளுக்கும் இடமில்லை. பத்து மாசம் சுமந்தவள், இவ்வளவு காலமும் தனியச் சுமந்தவள், ஓரத்தில நிண்டு பார்க்கிறதே?"

அதற்கு மேல் கேட்க ஏலாமல், சட்டி சரியாகக் கழுவவில்லை என்று அவனைப் பேசினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக் குசினிக்குள் நான் போனபோது அவன் ஏற்கனவே வந்து ஆட்டிறைச்சியை ஏற்றிவிட்டிருந்தான். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. ஏப்ரனுக்குக் கீழே பட்டு வேட்டி! பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் குடிக்கவில்லை. தாரை வார்க்கிற தகப்பன் விரதம் இருக்க வேண்டும், கொடுக்கிறது வேறொருவன் என்றாலும் விரதம் தன்னுடையது என்று சொல்லிவிட்டான். விரதக்காரன் சமைக்கலாம், ருசி பார்க்க முடியாது. "உப்புப் பாருங்கோ அக்கா" என்று என்னிடம் அகப்பையை நீட்டினான். எனக்கு இரத்த அழுத்தத்துக்கு உப்புக் குறைத்துச் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கே செத்துவிட்டது. குறைவு மாதிரித் தெரிந்தது. ஒரு பிடி போட்டேன்.

ஃபோனைத் தேங்காய்ப்பால் டின்னில் சாய்த்து வைத்தான். பினாங்குக் கோவில் மண்டபம் தெரிந்தது. மணவறைக்கு இரண்டு பக்கமும் சிவப்புக் கதிரைகள். மாப்பிள்ளைப் பக்கம் மெடான் சனம் பொங்கி வழிந்தது. பெண் பக்கம் பார்த்தேன். குணவதியோடு வேலை செய்கிற இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் முழுக்க வெறும் கதிரை.

"எங்கையடா உங்கட ஆக்கள்?"

குணவதியே ஃபோனை எடுத்துச் சொன்னா. "ரோட்டில பொலிஸ் செக்கிங்காம் அப்பா. பட்டர்வொர்த் ஆக்கள் பாதி வழியில திரும்பிட்டினம். வேற ஒருத்தரும் வெளிக்கிடேல்லை. தாரைக்கு ஆள் இல்லை. ஐயர் நேரம் போகுது எண்டு கத்துறார்." அழாமல்தான் சொன்னா. அழுகிற நிலையெல்லாம் தாண்டிப் போன குரல் அது.

தேவராஜாவின் கை அகப்பையில் இருந்தது. கிண்டுகிறான், கிண்டுகிறான், நிறுத்தவே இல்லை. கறி அடிப்பிடிக்கிற நேரம் அது, விட்டால் எல்லாம் போச்சு. அப்போது பார்த்து ரோஹானியும் சுலாஸ்திரியும் கறியைப் பார்வையிட வந்து சேர்ந்தார்கள். கதவடியிலேயே குழம்பு, வறட்டல் என்று தொடங்கிவிட்டார்கள்.

"வாயை மூடுங்கோ இரண்டு பேரும்!" என்றேன். தமிழில்தான். விளங்கிவிட்டது.

ஃபோனுக்குள் பார்த்தால் மாப்பிள்ளைப் பக்கத்தில் ஒரு அசைவு. நாகலட்சுமி அம்மா எழும்பி நிற்கிறா. இருதயம் வெட்டித் தைத்த மனிசி, குரல் மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்கிறது.

"பொண்ணு வூட்டுல ஆளு இல்லன்னா என்னா? நாம எதுக்கு இவ்ளோ பேரு வந்துருக்கோம்? பழனிசாமி, நீயும் ஒம் பொண்டாட்டியும் அந்தப் பக்கம் போங்க. இந்த வரிசை பூரா அந்தப் பக்கம் போங்க. இன்னைக்கு நீங்க பொண்ணு வூட்டுக்காரங்க."

பழனிசாமி அந்த அம்மாவின் தம்பி, மாப்பிள்ளையின் தாய்மாமன். நல்ல பருத்த மனிதர். வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். அவர் பின்னால் அந்த வரிசை எழும்பியது. கிழவர், குமர், பிள்ளைகள், பாத்தீக் சட்டை போட்ட பெடியன்கள், எல்லாரும் மணவறைக்கு முன்னால் நடந்து வந்து பெண் பக்கத்துக் கதிரைகளில் இருந்தார்கள். சிலர் தாங்கள் கொண்டுவந்த மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் வைத்தார்கள். வெறும் கதிரை ஒன்றும் மிஞ்சவில்லை. நான் ஐயோ கடவுளே என்று வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

பழனிசாமியின் பெண்சாதி செம்பைத் தூக்கப் போனா. நாகலட்சுமி அம்மா விடவில்லை. "பெத்தவ நிக்கிறப்ப நீ ஏண்டி ஊத்துற? செம்ப அவகிட்ட குடு. நீ ஃபோனப் புடி, பொண்ணோட அப்பா பாக்கட்டும்."

ஐயர் ஏதோ முறை சொல்ல வாயெடுத்தார். "மொறையெல்லாம் நேரத்துக்குள்ள முடிங்க சாமி," என்றா அந்த அம்மா. ஐயர் முடித்தார்.

ஃபோன் நகர்ந்தது. கிட்டத்தில் வர்ஷாவின் கை, மருதாணி. குணவதி செம்போடு. பழனிசாமி பிள்ளையின் கையைப் பிடிக்க முன்னம் ஃபோனைப் பார்த்து, "அண்ணே, ஒங்க கைன்னு நெனச்சுக்கிறேன்," என்றார்.

தேவராஜா அகப்பையை விட்டான். அடுப்பில் கறி கொதிக்கிறது, அவன் விட்டுவிட்டான். சிங்க் ஓரத்தில் ஃபோனுக்கு முன்னால் போய் நின்று வலது கையை ஏந்தினான். வெறும் கை. தண்ணீர் வார்க்க இங்கே ஆள் இல்லை. நான் வார்க்கக் கூடாது, அது குணவதியின் உரிமை. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, எட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். அங்கே குணவதி வார்க்க, இங்கே அவன் கையில் தண்ணீர் ஓடியது. மேளம் கேட்டது. அவன் தோள் குலுங்கியது. வேட்டி முழுக்க நனைந்தது. எனக்கு அழுகை அடக்க முடியவில்லை, நானும் ஒரு குரல் அழுது தீர்த்தேன்.

பின்னால் திரும்பிப் பார்த்தால் ரோஹானி அடுப்படியில், சுலாஸ்திரியும் அடுப்படியில். ஆளுக்கொரு அகப்பை. இவள் ஒரு பக்கத்தால் சுரண்டுகிறாள், அவள் மற்றப் பக்கத்தால் கிண்டுகிறாள். இரண்டு பேரும் கண்ணால் ஃபோனைப் பார்த்துக்கொண்டு கையால் கிண்டிக்கொண்டிருந்தார்கள். கறி அடிப்பிடிக்கவில்லை.

ஆனால் அழுகைக்குள் நடந்த இன்னொரு காரியம் பிறகுதான் தெரிந்தது. விரதக்காரன் உப்புப் பார்க்கவில்லை என்று ரோஹானி ஒரு பிடி போட்டிருக்கிறாள். அவள் போட்டதைக் காணாமல் சுலாஸ்திரி ஒரு பிடி போட்டிருக்கிறாள். நான் ஏற்கனவே போட்டது. வாயில் வைத்தால் கடல்! இருந்த தேங்காய்ப்பால் முழுவதையும் ஊற்றி, உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு, பின்னேரம் வரை நாலு பேரும் மாறி மாறிக் கிண்டி ஒரு வழிக்குக் கொண்டு வந்தோம். அது குழம்பும் இல்லை, வறட்டலும் இல்லை. எந்த நாட்டுக் கறி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மலேசியச் சனம் இது இந்தோனேசிய முறையாக்கும் என்று நினைத்து மரியாதைக்குச் சாப்பிட்டது. இந்தோனேசியச் சனம் மலேசிய முறையாக்கும் என்று நினைத்துச் சாப்பிட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

மண்டபத்தில் பேச்சு நீண்டுகொண்டே போனது. இரு நாட்டு நட்பு, ஒரே கடல், ஒரே கலாசாரம், ஒத்துழைப்பு. கோட்டுப் போட்டவர்கள் ஒருவர் முடிய ஒருவர் எழும்பினார்கள். எனக்குக் கால் உளைச்சல் தாங்கவில்லை, குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு எப்ப முடிப்பீர்கள் என்று நின்றேன். கடைசியில் ரோஹானி மைக்கைப் பிடித்து, இன்றைய சமையல்காரருக்கு இன்றைக்குத்தான் மகள் கலியாணம், மகள் மலேசியாவில், மருமகன் இந்தோனேசியாவிலிருந்து என்று சொல்லிவிட்டாள். மண்டபம் எழும்பிக் கைதட்டியது. சுலாஸ்திரி ஓடி வந்து தேவராஜாவின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நனைந்து காய்ந்த வேட்டியோடும் ஏப்ரனோடும் போய் நின்றான்.

மைக்கைக் கொடுத்தார்கள். அவன் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு அதை வாங்கினான். பிறகு அவர்கள் பாஷையில் நாலைந்து வசனம் சொன்னான். கடைசி வசனத்துக்கு மண்டபம் கொல்லென்று சிரித்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ரோஹானியும் சுலாஸ்திரியும் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன சொன்னவன்?" என்று பக்கத்தில் வந்து நின்ற ரோஹானியைக் கேட்டேன்.

அவள் எனக்கு இங்கிலிஷில் மெதுவாகச் சொன்னாள். உங்கள் இரண்டு நாடும் சிநேகிதம். அதனால் என் மருமகனுக்கு விசா கேட்கமாட்டார்கள். அவர் கடலைத் தாண்டி என் மகளைப் பார்க்க வரலாம், போய்விட்டுத் திரும்பவும் வரலாம். என்னால் அது முடியவில்லை. தயவு செய்து இரண்டு பேரும் சண்டை பிடித்துவிடாதீர்கள்.

ரெண்டாங் சண்டையைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்து அந்தச் சனம் சிரித்திருக்கிறது.

விருந்து முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். தேவராஜா நேரே சட்டிகளிடம் போனான். நான் அவன் கையிலிருந்து பிரஷ்ஷைப் பறித்து அவனைக் கதிரையில் இருத்தினேன். காலையிலிருந்து இன்னும் ஒரு பருக்கை அவன் வாயில் படவில்லை. தட்டுகளுக்கு விரிக்க வாங்கிய வாழையிலையில் ஒன்று மிச்சம் கிடந்தது. அதைக் கழுவி அவனுக்கு முன்னால் போட்டு, சோறு வைத்து, பருப்பு ஊற்றி, நான் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டு வந்திருந்த பாயாசத்தையும் பக்கத்தில் வைத்தேன். கலியாண வீட்டில் பந்திக்கு நிற்கிறவள் மாதிரி நான் அகப்பையோடு நின்றேன். முகத்தை நேருக்கு நேர் அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். நல்லாக் கிழவனாகிவிட்டான்.

பாதி சாப்பிட்டு, கையை இலையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தான்.

"என்ன, உப்புக் கூடவோ?"

"இல்லை அக்கா. மாப்பிள்ளை போன கிழமையே பினாங்குக்கு வந்திட்டார், கலியாண அலுவலுக்கு." இலையைப் பார்த்தபடியே சொன்னான். "அவருக்கு நிக்கக் கிடைச்ச முப்பது நாளில ஒரு கிழமை இப்பவே போயிட்டுது."

நான் இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்தேன்.